புளிக்கு ஏற்ற பாத்திரம்: நூறாண்டுக்கு முந்தைய தமிழ் அடுக்களை

1910, 1920களில் காவிரிக் கரையில் வசதியான ஒரு வீட்டில் ஒரு வேளைச் சமையலுக்கே ஆறேழு வகைப் பாத்திரங்கள் வேண்டியிருந்தன. சாதம் வெண்கலப் பானையில் வெந்தது. ரசம் ஈயச்சொம்பில் கொதித்தது. வற்றல் குழம்பு கல்சட்டியில் சுண்டியது. பருப்புக்கும் பாலுக்கும் ஈயம் பூசிய பித்தளை, தாளிக்க இரும்புக் கரண்டி, ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி, உப்புக்கு மரவை என்னும் மரக்கிண்ணம். பரணிலிருந்து இவற்றை இறக்கிப் பார்க்கும்போது ருசிக்காக இப்படிப் பிரித்து வைத்தார்கள் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறோம். ருசி உண்மைதான். ஆனால் எது எதில் வேக வேண்டும் என்பதைப் பெரிதும் முடிவு செய்தது புளி.

புளியின் சதையில் எடைக்கு 8 முதல் 18 சதவீதம் வரை டார்டாரிக் அமிலம் இருக்கிறது. அந்த அமிலம் தாமிரத்தையும் துத்தநாகத்தையும் கரைக்கும், இரும்பைக் கறுப்பாக்கும், அலுமினியத்தின் மேல்தோலை உரிக்கும். குழம்பு, ரசம், கூட்டு, புளிக்காய்ச்சல் என்று தினமும் புளி கரைக்கும் சமையலில் அமிலத்தைத் தாங்காத பாத்திரத்துக்கு இடம் கிடையாது, அல்லது அதற்கு ஒரு காப்பு வேண்டும். அந்தக் கால அடுக்களையின் ஒழுங்கை இந்தக் கண்ணோடு பார்த்தால் ஒவ்வொரு சாமானும் ஏன் இருந்தது என்பது விளங்கும். இன்று அவற்றை மறுபடி அடுப்பில் ஏற்ற நினைப்பவர்கள் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதும் விளங்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பித்தளையும் வெண்கலமும் எல்லா வீட்டிலும் இருந்தவை அல்ல. பெரும்பாலான குடும்பங்கள் மண்பானையிலும் மண்சட்டியிலும்தான் சமைத்தன. புளியைப் பொறுத்தவரை அவர்கள் எதையும் இழந்துவிடவில்லை. சுட்ட களிமண்ணைப் புளி ஒன்றும் செய்யாது. மீன் குழம்பு இன்றும் மண்சட்டியை விட்டு நகராமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். புதுச் சட்டியை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு அரிசி களைந்த நீரையோ வடித்த கஞ்சியையோ ஊற்றிச் சிறு தீயில் கொதிக்கவிட்டுப் பழக்குவார்கள். கஞ்சியின் மாவுச்சத்து மண்ணின் நுண்துளைகளில் புகுந்து கசிவைக் குறைக்கும். அதே நுண்துளைகளில் வாசனையும் ஏறும். அதனால்தான் மீன் சட்டி என்று ஒன்று தனியாகவே இருக்கும். அதில் பால் காய்ச்ச மாட்டார்கள்.

பித்தளையும் அதன் உள்பூச்சும்

பித்தளை என்பது தாமிரமும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. பாத்திரப் பித்தளையில் தாமிரம் ஏறக்குறைய 60 முதல் 70 சதவீதம் இருக்கும், மீதி துத்தநாகம். தகடாக அடித்து நீட்ட எளிது, சூடு சீராகப் பரவும், நசுங்கினால் தட்டி நேராக்கலாம், பழசானால் எடைக்குப் போட்டால் காசு. அண்டா, குண்டான், தவலை, சருவம், குடம் என்று வீட்டின் பெரிய சாமான்கள் எல்லாம் பித்தளையானதற்கு இவையே காரணம்.

பழைய தவலையையோ குடத்தையோ கூர்ந்து பார்த்தால் அது ஒரே தகடு அல்ல என்பது தெரியும். அடிப்பாகமும் மேல்பாகமும் தனித்தனியாக அடிக்கப்பட்டிருக்கும். விளிம்புகளைப் பல் பல்லாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று கோத்து, உருக்கிய உலோகப் பற்று வைத்து, தட்டிச் சமன் செய்திருப்பார்கள். உள்ளே விரலை ஓட்டினால் அந்தப் பல்வரிசை லேசாகத் தட்டுப்படும். சுத்தியல் தடமும் பல்லிணைப்பும் கையால் செய்ததற்கான நம்பகமான அடையாளங்கள். இயந்திரத்தில் ஒரே தகட்டைச் சுழற்றி அழுத்திச் செய்ததில் இணைப்பு இருக்காது. வட்ட வட்டமான மெல்லிய கோடுகள் மட்டும் இருக்கும். விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தால், சில சமயம் ஆண்டும் சேர்ந்திருக்கும். சீர்ப் பாத்திரத்தின் வயதைச் சொல்ல அதைவிட நல்ல சான்று கிடையாது.

வெறும் பித்தளையில் புளிக்குழம்பைக் கொதிக்கவிட்டால் தாமிரம் கரைந்து குழம்பில் இறங்கும். பச்சையாகப் படியும் அதைத்தான் களிம்பு என்கிறோம். நாக்கில் உலோகக் கசப்பும் துவர்ப்பும் தட்டும்; அளவு கூடினால் குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு. கொதிக்கும் நேரத்தைவிட ஆறிய பிறகு அதிலேயே விட்டு வைக்கும் நேரம்தான் அதிகக் கேடு செய்யும். மோர், தயிர், எலுமிச்சைச் சாறு, தக்காளி எல்லாவற்றுக்கும் இதே கதிதான்.

இதே வேதிவினைதான் பாத்திரத்தின் வெளிப்புறத்துக்கு நன்மை செய்தது. கறுத்த பித்தளையில் புளியைத் தேய்த்தால் பளிச்சென்று ஆவது, மேலே படிந்த ஆக்சைடை அமிலம் கரைத்துவிடுவதால். ஆனால் புளியைப் பூசி நெடுநேரம் ஊறவிடக் கூடாது. துத்தநாகம் தாமிரத்தைவிட வேகமாகக் கரையும். அது போய்விட்டால் மேற்பரப்பில் தாமிரம் மட்டும் மிஞ்சிப் பாத்திரம் ஆங்காங்கே இளஞ்சிவப்பாகத் தெரியும். அந்தத் திட்டு தேய்த்தாலும் போகாது. புளி வைத்துத் தேய்த்த கையோடு கழுவி, சாம்பலோ அரப்போ போட்டு இன்னொரு முறை தேய்த்து, ஈரமில்லாமல் துடைத்து வைப்பதுதான் முறை.

உள்புறத்துக்குக் காப்பு ஈயப் பூச்சு. இங்கே ஈயம் என்றால் வெள்ளீயம், ஆங்கிலத்தில் டின். கடைப்பேச்சில் காரீயத்தையும் (லெட்) ஈயம் என்றே சொல்வதால் வரும் ஆபத்தைப் பிறகு பார்ப்போம். வெள்ளீயம் புளியில் மிக மெதுவாகவே கரையும். கரைந்து சாப்பாட்டில் சேரும் சிறு அளவில் பெரும்பகுதி உடலில் தங்குவதும் இல்லை. தாமிரத்தோடு நன்றாக ஒட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அது 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். தெருவோரத்தில் ஒரு குழி, கொஞ்சம் கரி, ஒரு தோல் துருத்தி இருந்தால் போதும். வீட்டு வாசலிலேயே வேலை முடிந்துவிடும். ‘ஈயம் பூசறது’ என்று குரல் கொடுத்து வருபவரை நம்பித்தான் பித்தளை சமைக்கத் தகுந்த பாத்திரமாக நீடித்தது.

வேலையின் படிகள் எளிமையானவை. எதையும் தவிர்க்க முடியாது என்பதுதான் விஷயம். முதலில் உள்புறத்தை மணல், புளி, உப்பு அல்லது நீர்த்த அமிலம் கொண்டு உலோகம் வெளுக்கும்வரை தேய்க்க வேண்டும். பெரிய அண்டா என்றால் உள்ளே மணலும் சாக்குத்துணியும் போட்டு, ஒருவர் இறங்கி நின்று இடுப்பைத் திருப்பித் திருப்பிக் காலாலேயே தேய்ப்பார். பிறகு கரி நெருப்பின் மேல் பாத்திரத்தை இடுக்கியால் பிடித்துச் சுழற்றிச் சூடேற்றுவார்கள். ஈயக் குச்சியின் முனையை வைத்ததும் அது உடனே இளகி ஓடினால் சூடு சரி. அப்போது நவச்சாரப் பொடியை (அம்மோனியம் குளோரைடு) தூவ வேண்டும். குப்பென்று வெள்ளைப் புகை எழும். நவச்சாரம் சூட்டில் பிரிந்து அம்மோனியாவையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் வெளிவிடுகிறது. அந்த அமிலம் உலோகத்தின் மேல் கடைசியாக ஒட்டியிருக்கும் ஆக்சைடையும் அகற்றுகிறது. அந்த நொடியில் ஈயக் குச்சியை இரண்டு மூன்று இடங்களில் தேய்த்து, பஞ்சுப் பொதியாலோ துணியாலோ சுழற்றித் துடைத்தால் வெள்ளிபோலப் படலம் ஓடிப் பரவும். அடியில் தொடங்கி விளிம்புவரை ஒரே ஓட்டத்தில் கொண்டுபோய், உடனே தண்ணீரில் அமிழ்த்துவார்கள்.

எங்கே பிழைக்கும் என்பதும் இந்தப் படிகளுக்குள்ளேயே இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு போகாத இடத்தில் ஈயம் பிடிக்காது. அங்கே மஞ்சள் திட்டு நிற்கும். சூடு போதாவிட்டால் ஈயம் கட்டி கட்டியாக நிற்கும். சூடு மிஞ்சினால் ஈயமே ஆக்சைடாகி மங்கி மஞ்சள் பூத்துப்போகும். இன்னும் மிஞ்சினால் பித்தளையிலிருந்து துத்தநாகம் புகையாகப் போகத் தொடங்கும். காபி வடிகட்டியின் மேல்பாத்திரத்துக்குப் பூசும்போது ஈயம் அதன் துளைகளை அடைத்துக்கொள்ளும் என்பதால் சூடாக இருக்கும்போதே தட்டி உதறிவிட வேண்டும். பூசி வந்த பாத்திரத்தில் நவச்சாரம் எஞ்சியிருக்கும். அரிசி கழுவிய நீரையோ புளித்தண்ணீரையோ ஒரு முறை கொதிக்கவைத்துக் கொட்டிய பிறகே சமைக்க வேண்டும்.

ஈயப் படலம் ஒரு தாளைவிட மெல்லியது. அதைத் தேய்மானத்திலிருந்து காப்பது சமைப்பவரின் கையில் இருந்தது. வெளியே மணலும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்க்கலாம். உள்ளே சாம்பலும் மெல்லிய நாரும் மட்டும். உலோகக் கரண்டியால் அடியைச் சுரண்டக் கூடாது. நாளாக நாளாக ஈயம் மங்கிச் சாம்பல் நிறமாவது இயல்பு. அதைக் கண்டு பூச்சு போய்விட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. மஞ்சள் தெரிந்தால்தான் பூச்சு போய்விட்டது என்று பொருள். அடியில் ஒரு காசளவு மஞ்சள் தெரிந்துவிட்டால் மறுபூச்சு வரும்வரை அந்தப் பாத்திரம் தண்ணீர் பிடிக்கவும் நெல் அவிக்கவும் மட்டுமே.

ஈயம் பூசிய பாத்திரத்தில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைக்கக் கூடாது, எண்ணெய் காய்ச்சக் கூடாது. தண்ணீர் இருக்கும்வரை உள்சுவரின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். எண்ணெய்க்கு அந்த எல்லை கிடையாது. கடுகு வெடிக்கும் நிலையிலிருந்து ஈயம் உருகும் 232 டிகிரிக்குப் போக அதிக நேரம் ஆகாது. நம் சமையலில் தாளிப்பு என்பது தனி இரும்புக் கரண்டியில் நடந்து, கடைசியில் குழம்பின் மேல் கொட்டப்படுவதற்கு இது ஒரு வலுவான காரணம். இன்றைய செய்முறைகள் பாத்திரத்திலேயே எண்ணெய் ஊற்றித் தாளிப்பில் தொடங்குகின்றன. எவர்சில்வரும் அலுமினியமும் வந்த பிறகே அந்த வரிசை எல்லோருக்கும் எளிதாயிற்று.

அன்று உலகச் சந்தைக்கு வந்த வெள்ளீயத்தில் பெரும்பங்கு மலாயாவிலிருந்து வந்தது. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே கப்பல்கள் ஓடிய காலம். 1942-இல் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் கைக்குப் போனபோது அந்தச் சுரங்கங்களின் ஈயம் இந்தியா உட்பட நேச நாடுகளின் பக்கம் வருவது நின்றுபோனது. பித்தளை அடுக்களை ஒவ்வொரு சில மாதத்துக்கும் வெளிநாட்டு உலோகம் ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருந்தது என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஈயச்சொம்பு

பூச்சாக இல்லாமல் பாத்திரம் முழுவதுமே வெள்ளீயமானால் அது ஈயச்சொம்பு. ரசத்துக்கு மட்டும். தெளிந்த புளித்தண்ணீர், தக்காளி, பெருங்காயம், மிளகு சீரகம், கொஞ்சம் பருப்புத் தண்ணீர் என்று இவ்வளவு அமிலமும் இவ்வளவு மெல்லிய நீர்மையும் சேர்ந்த பண்டத்தில் களிம்பின் கசப்பு ஒரு துளி இருந்தாலும் மறைக்க முடியாது. ஈயத்தில் அந்தக் கசப்பு வராது. ஈயச்சொம்பு ரசத்தைக் கொண்டாடுகிறவர்கள் சொல்லும் மணத்தில் பாதியாவது வேறு உலோகச் சுவை ஏறாமல் இருப்பதால் வருவது என்றே கருதுகிறேன். மற்ற பாதி, கொதிக்கவிடாமல் நுரை கூடியதும் இறக்கும் பக்குவத்தால் வருவது. இந்தப் பாத்திரம் அந்தப் பக்குவத்தைக் கட்டாயமாக்குகிறது.

232 டிகிரியில் உருகும் பாத்திரத்தை ஆயிரம் டிகிரியைத் தாண்டும் சுடர்மேல் வைப்பதற்கு ஒரே காப்பு உள்ளே இருக்கும் நீர். ஆகவே புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே சொம்பை அடுப்பில் வைக்க வேண்டும். பாதிக்குக் குறையாமல் நிரம்பியிருக்க வேண்டும். தீ அடியை விட்டுப் பக்கவாட்டில் ஏறக் கூடாது. நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் சுவரைச் சுடர் தொட்டால் அங்கே குளிர்விக்க எதுவும் இல்லை. முதலில் அந்த இடம்தான் வழியும். பழைய வீடுகளில் சொம்பு கொடியடுப்பில் இருந்ததன் பொருத்தம் இதுதான். பெரிய அடுப்பின் நெருப்பு உள்வழியாக வந்து மிச்ச சூட்டை மட்டும் கொடுக்கும் பக்க அடுப்பு அது. எரிவாயு அடுப்பில் சிறிய பர்னரை மிகக் குறைத்து வைத்து, மேலே ஒரு கனமான இரும்புத் தட்டைப் போட்டு அதன்மேல் சொம்பை வைப்பது பாதுகாப்பு. அடுப்பை விட்டு நகரக் கூடாது. பொங்கி வரும்போது இறக்கி, தனியே தாளித்துக் கொட்டி, சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

பெரிய கேள்வி, சொம்பு உண்மையிலேயே வெள்ளீயமா என்பது. காரீயம் வெள்ளீயத்தைவிட மலிவு, பார்வைக்கு நெருக்கம், இரண்டும் எந்த அளவிலும் கலக்கும். ஆனால் காரீயம் நஞ்சு. புளியில் கரையும், உடலில் சேர்ந்துகொண்டே போகும், குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ‘கொஞ்சம் போனால் பரவாயில்லை’ என்று சொல்லத்தக்க அளவு அதில் இல்லை.

வீட்டில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அதன் எல்லையையும் சேர்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். சொம்பை எடை போடுங்கள். விளிம்புவரை தண்ணீர் நிரம்பிய பெரிய பாத்திரத்தில், காற்று தங்காதபடி வாய் மேலாக மெதுவாக முழுக அமிழ்த்தி, வழியும் நீரைப் பிடித்து எடை போடுங்கள். சொம்பின் எடையை நீரின் எடையால் வகுத்தால் அடர்த்தி. தூய வெள்ளீயம் 7.3, காரீயம் 11.3. பாதிக்குப் பாதி கலந்திருந்தால் 8.9 அளவில் வரும். அது உறுதியாகத் தெரிந்துவிடும். ஆனால் பத்தில் ஒரு பங்கு காரீயம் இருந்தால் 7.6 அளவில்தான் வரும். 365 கிராம் சொம்பில் அந்த வேறுபாடு வழியும் நீரில் 2 மில்லிக்கும் குறைவு. பாத்திரத்தின் வெளியே ஒட்டி நிற்கும் துளிகளே அவ்வளவு இருக்கும். ஆகவே இந்தச் சோதனை கெட்ட சொம்பைக் கழித்துக் கட்ட உதவும். நல்ல சொம்பு என்று சான்று தர உதவாது. தாளில் தேய்த்துக் கறுப்புக் கோடு விழுகிறதா என்று பார்ப்பதும் அப்படியே. அடுப்பில் ஏற்றும் எண்ணம் இருந்தால் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ்ரே கருவியால் பகுத்துப் பார்ப்பதே வழி. தங்கத்தின் மாற்று பார்க்க நகைக்கடைகளில் வைத்திருப்பதும் அதே வகைக் கருவிதான். பரம்பரைச் சொம்பு என்பதாலேயே அது தூயது என்று கொள்ள வேண்டாம்.

புளி தொடாத வெண்கலம், புளிக்கு அஞ்சாத கல்

வெண்கலம் தாமிரமும் வெள்ளீயமும் சேர்ந்தது. தகடாக அடிக்காமல் வார்ப்பார்கள். அதனால் சுவர் தடிமன், எடை அதிகம், சூடு மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். சாதம் வடிக்கவும் பொங்கல் கிளறவும் இது ஏற்றதாக இருந்ததற்கு அந்தத் தடிமனே காரணம்; அடி ஓரிடத்தில் மட்டும் காயாததால் பிடிக்காது. அரிசியிலும் பாசிப்பருப்பிலும் புளிப்பு இல்லை என்பதால் பூச்சில்லாமலே பயன்பட்டது. குறுகிய கழுத்தும் அகன்ற வயிறுமான பானை வடிவம் கஞ்சி வடிப்பதற்கு. வாயில் வடிதட்டை வைத்து, துணியால் பிடித்துக் கவிழ்த்தால் சோறு தோள்பகுதியில் தங்கிக் கஞ்சி மட்டும் வெளியேறும்.

கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயில் வார்ப்பு வேலைக்குப் பெயர்பெற்ற ஊர். காவிரிப் படுகையின் வண்டல் மண் அச்சுக்கு ஏற்றதாக இருப்பதே அந்தத் தொழில் அங்கே வேரூன்றியதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. வார்த்த பாத்திரத்தைக் கடைசல் பிடித்து மழமழப்பாக்குவார்கள். அந்த வட்டக் கோடுகள் பழைய பானையிலும் தெரியும். விரல் நகத்தால் சுண்டினால் நல்ல வெண்கலம் நீளமாக ஒலிக்கும். ஒலி சட்டென்று மடிந்தால் மயிரிழை விரிசலைத் தேடிப் பாருங்கள். வெள்ளீயம் கூடக் கூட வெண்கலம் கடினமாகும், அதே அளவுக்கு நொறுங்கவும் செய்யும். கீழே விழுந்தால் பித்தளை நசுங்கும், வெண்கலம் விரியும்.

விரிந்த பானையைப் பற்றவைத்துப் பயன்படுத்துவது அன்று வழக்கம். இன்று வாங்குபவர் உள்புறத்தில் முதலில் தேட வேண்டியது அந்தப் பற்றைத்தான். சாம்பல் நிறத்தில் மெத்தென்று, கத்திமுனையால் கீறினால் எளிதில் கோடு விழுந்தால் அது ஈயப்பற்று. அதில் காரீயம் கலந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். அப்படிப்பட்ட பானை அலங்காரத்துக்கு இருக்கட்டும், சமையலுக்கு வேண்டாம். பழைய உடைசல்களை உருக்கி வார்த்த பாத்திரங்களில் உலோகக் கலவை ஒன்றுபோல இருக்காது என்பதால், பற்று இல்லாத பானையிலும் புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சாதம் கலந்து வைக்காமல் இருப்பதே நல்லது.

புளியை நேருக்கு நேர் தாங்கியது கல்சட்டி. மாக்கல் என்னும் மென்மையான கல்லைக் குடைந்து கடைந்து செய்வது. சேலம் பக்கம் இதற்குப் பேர்போனது. கல்லின் முக்கியக் கனிமமான டால்க் நகத்தாலேயே கீறக்கூடிய அளவு மென்மை. ஆனால் அமிலம் அதை ஒன்றும் செய்யாது. வற்றல் குழம்பு, புளிக்கீரை, புளிக்காய்ச்சல் எல்லாம் இதில் சுண்டும். இறக்கிய பிறகும் பல நிமிடம் கொதித்துக்கொண்டே இருக்கும் என்பதால், பக்குவம் வருவதற்குச் சற்று முன்பே தீயை அணைக்கத் தெரிய வேண்டும். புதிதாகச் சமைப்பவர்கள் குழம்பை அடிபிடிக்க விடுவது பெரும்பாலும் இங்கேதான்.

புதுக் கல்சட்டியை நேரே அடுப்பில் வைத்தால் வெடிக்கும். கழுவி வெள்ளைப் பொடி போனதும், உள்ளும் புறமும் விளக்கெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசி வெயிலில் வைக்க வேண்டும். மூன்று நான்கு நாள் இப்படிச் செய்தால் கல் எண்ணெய் குடித்துக் கறுக்கத் தொடங்கும். பிறகு சூடான வடிகஞ்சியை ஊற்றி ஆறவிடுவதை இன்னும் சில நாள். கடைசியாகத் தண்ணீர் நிரப்பி, மிகச் சிறு தீயில் தொடங்கி மெல்லக் கொதிக்கவிட்டால் சட்டி தயார். அதற்குப் பின்னும் வெறும் சட்டியைச் சூடேற்றுவது, சுடும் சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவது, அடுப்பிலிருந்து இறக்கி ஈரமான கல்தரையில் வைப்பது ஆகிய மூன்றும் அதைப் பிளக்கும். வைக்கோல் பிரியால் செய்த வளையமான பிரிமணைமேல் இறக்கி வையுங்கள்.

இரும்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். தோசைக்கல்லும் இருப்புச்சட்டியும் எண்ணெயின் தயவில் வாழ்பவை. மெல்லிய எண்ணெய்ப் பூச்சு திரும்பத் திரும்பச் சூடேறிக் கெட்டிப்பட்டுக் கறுப்புத் தோலாகிறது. அந்தத் தோல்தான் தோசையை ஒட்டாமல் எடுக்கவிடுகிறது. புளி அதை அரித்துவிடும். அப்போது தோசை ஒட்டும், குழம்பு கறுக்கும், வாயில் இரும்புச் சுவை தட்டும். வறுவலுக்கும் பொரியலுக்கும் இருப்புச்சட்டி, புளிக்கு அது இல்லை என்ற பிரிவு அதனால்தான். வாழைக்காயும் வாழைப்பூவும் அரிவாள்மணையில் நறுக்கினால் கறுப்பது வேறு வகை வினை; காயின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து மைபோல ஆகிறது. நறுக்கியதை மோர் கலந்த தண்ணீரில் போடுவது அதைத் தடுக்கும்.

ஊறுகாயில் உப்பும் புளிப்பும் சேர்ந்தே இருக்கும்; மாதக் கணக்கில் கிடக்கும். உலோகம் எதுவும் அதற்கு ஆகாது. பீங்கான் ஜாடியும் மரக்கரண்டியும்தான். செட்டிநாட்டு வீடுகளில் பர்மா வணிகத்தின் வழி வந்த மங்குச் சாமான்கள் நிறைய. இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடிப் பூச்சு சுட்டவை அவை. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. பூச்சு முழுதாக இருந்தால் புளி உள்ளே நுழையாது. ஓரிடத்தில் தெறித்தால் அங்கே துரு தொடங்கும், சில்லுகள் சாப்பாட்டில் விழும். பழைய வண்ணப் பூச்சுகளில் காரீயமும் காட்மியமும் ஆன்டிமனியும் சேர்ப்பதுண்டு. பலகாரம், உலர்ந்த தின்பண்டம் வைக்கலாம். புளிப்பானவற்றை வைக்க வேண்டாம்.

அலுமினியமும் எவர்சில்வரும்

பித்தளைக்கு முதல் போட்டி சென்னையிலேயே பிறந்தது. சென்னைக் கலைப் பள்ளியில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898-இல் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். 1900-இல் அதை வணிகமாக நடத்த இந்தியன் அலுமினியம் கம்பெனி சென்னையில் அமைந்தது. பள்ளியின் அலுமினியப் பிரிவும் 1903-இல் அதன் கைக்கு மாறியது. உலோகம் வெளிநாட்டிலிருந்து வந்தது, வேலை இங்கே நடந்தது. கேரளத்தின் ஆலுவாவில் இந்திய மண்ணின் முதல் அலுமினிய உருக்காலை உற்பத்தி தொடங்கியது 1943-இல்தான்.

அலுமினியத்தின் பலம் தெளிவானது: விலை குறைவு, எடை குறைவு, களிம்பு கிடையாது, ஈயம் பூச வேண்டாம். ஆனால் புளிப் பிரச்சினை தீரவில்லை, உருமாறியது. அலுமினியத்தைக் காப்பது அதன் மேலிருக்கும் மெல்லிய ஆக்சைடுத் தோல். அமிலமும் உப்பும் சேர்ந்து அதை ஊடுருவிக் குண்டூசி முனையளவு குழிகளை உண்டாக்கும். இரவு முழுக்கப் புளிக்குழம்பு கிடந்த அலுமினியச் சட்டி நாளடைவில் ஒழுகும். பித்தளைக்கு உகந்த சாம்பலும் இங்கே பகை. விறகுச் சாம்பல் அமிலத்துக்கு எதிரான காரத்தன்மை கொண்டது, அந்தத் தோலைக் காரமும் கரைக்கும். தேய்க்கத் தேய்க்கப் பாத்திரம் கறுக்கும். கறுத்த அலுமினியத்தில் புளித்தண்ணீர் கொதிக்கவைத்தால் வெளுப்பதைப் பார்த்துச் சுத்தமாயிற்று என்று மகிழ்கிறோம். ஒவ்வொரு முறையும் ஒரு படலம் கரைந்துதான் அந்த வெளுப்பு வருகிறது.

புளியை வென்றது துருப்பிடிக்காத எஃகு. 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உலோகவியலாளர் ஹாரி பிரியர்லி குரோமியம் கலந்த எஃகை உருவாக்கினார். நம் ஊர் அடுக்களைகளுக்கு அது எவர்சில்வராகப் பரவலாக வந்தது 1950களுக்குப் பிறகு. குரோமியத்தின் ஆக்சைடுத் தோல் புளிக்கு மசியாது, கீறினாலும் தானே மறுபடி உண்டாகும். பூச்சு வேண்டாம், எண்ணெய்ப் பழக்கம் வேண்டாம், புளியையும் சாம்பலையும் ஒன்றுபோலத் தாங்கும். பித்தளை எடைக்குப் போய் எவர்சில்வர் வந்ததற்குப் பகட்டு மட்டும் காரணமில்லை. ஈயம் பூசுபவருக்காகக் காத்திருந்து, மஞ்சள் தெரிகிறதா என்று குனிந்து பார்த்து, புளி போட்டுத் தேய்த்துக் கை வெந்த பெண்களுக்கு அது பெரிய விடுதலை. இதை மறந்துவிட்டுப் பழையதைப் புகழ்வது நியாயமில்லை.

இழந்தது சூட்டின் நிதானம். எஃகு பித்தளையைவிடப் பல மடங்கு மோசமாகச் சூட்டைக் கடத்தும். மெல்லிய எவர்சில்வரில் சுடருக்கு நேர் மேலே இருக்கும் வட்டம் மட்டும் கருகும். சர்க்கரைப் பொங்கலும் பால்கோவாவும் அதில் அடிபிடிக்கும். அடியில் தாமிரம் பூசிய எவர்சில்வர் அந்தக் குறையை ஈடுசெய்ய வந்ததே.

பரணில் இருப்பதை இறக்கிப் பயன்படுத்த விரும்புபவர் வெண்கலப் பானையிலிருந்தும் கல்சட்டியிலிருந்தும் தொடங்குவது நல்லது. இரண்டுக்கும் வெளியாள் உதவி வேண்டாம். பித்தளையில் சமைப்பதானால் பூசுபவரிடம் ஈயக் கட்டி எங்கே வாங்கியது என்று கேளுங்கள். பற்றவைக்க விற்கும் ஈயக் கம்பியில் காரீயம் இருக்கும்; அதைக் கொண்டு பூசினால் காப்புக்காகப் பூசுவதே நஞ்சாகும். தூய வெள்ளீயக் கட்டியை நீங்களே வாங்கிக் கொடுப்பது இன்னும் உத்தமம். வெண்கலப் பானையை எரிவாயு அடுப்பில் வைக்கும்போது முதல் ஐந்து நிமிடம் தீயைச் சிறிதாக வைத்து, உலை காய்ந்த பிறகு கூட்டுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் பித்தளையும் வெண்கலமும் ஈயமும் கல்லும் சூடேறாது; இரும்புத் தோசைக்கல் மட்டும், அடி தட்டையாக இருந்தால், ஏறும்.